பாரோலோ: எந்த ஆண்டை வாங்குவது, எவ்வளவு காலம் வைப்பது

பாரோலோ என்ற சிவப்பு ஒயின் பிறக்கும் வட இத்தாலியின் பியெமோந்தே பகுதியில் 2000ஆம் ஆண்டு விளைந்த ஒயினுக்கு அமெரிக்காவின் வைன் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை நூற்றுக்கு நூறு மதிப்பெண் போட்டது. ஏதோ ஒரு பாட்டிலுக்கு இல்லை, அந்த ஆண்டு விளைச்சலுக்கே நூறு. அதற்குமேல் என்ன கேள்வி? பலர் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார்கள். கால் நூற்றாண்டு ஓடிய பிறகு, இந்த ஒயினில் ஊறிய ஒருவரிடம் அந்தக் காலகட்டத்திலிருந்து உங்களுக்கு எந்த ஆண்டு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 1996 என்பார், 1999 என்பார், 2001 என்பார். 2000 என்று முதலில் சொல்பவர் அரிது. அது வெயில் ஆண்டு. பழம் நன்றாகப் பழுத்தது. ஒயின் பிறந்தவுடனேயே உருண்டு திரண்டு, இனிமையாக இருந்தது. இளமையிலேயே வாயில் வைத்துப் பார்த்து மதிப்பெண் போடுபவர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் சீக்கிரம் மலர்ந்தது சீக்கிரமே தளரவும் செய்தது.

மதிப்பெண்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவை பதில் சொல்லும் கேள்வி வேறு, வாங்குபவரின் கேள்வி வேறு. காசு கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு: இந்த ஒயின் எப்போது குடிக்கத் தயாராகும்? இதுவரை எங்கே கிடந்தது? இத்தாலியின் உயர்ந்த சிவப்பு ஒயின்களில், அதிலும் பாரோலோவில், இந்த இரண்டையும் விசாரிக்காமல் ஆண்டை மட்டும் பார்த்து வாங்கினால், நல்ல ஒயினைத் தப்பான நாளில் திறந்துவிட்டு ‘இதற்கா இவ்வளவு விலை?’ என்று உட்கார வேண்டிவரும்.

தாமதமாகப் பழுக்கும் திராட்சை

ஆல்பா என்ற சிறு நகரத்துக்குத் தென்மேற்கே, லாங்கே குன்றுகளில், 11 ஊர்களின் எல்லைக்குள் விளைவதுதான் பாரோலோ. நெபியோலோ தவிர வேறு திராட்சையைச் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆல்பாவின் மறுபக்கத்தில், தனாரோ ஆற்றையொட்டிய பார்பரெஸ்கோவிலும் அதே நெபியோலோதான். அங்கே நிலம் கொஞ்சம் தாழ்வு, காற்று கொஞ்சம் வெதுவெதுப்பு. அதனால் பழம் சற்று முன்னதாகப் பழுக்கும்.

நெபியோலோ வசந்தத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் துளிர்த்து, இலையுதிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் பின்னால் பழுக்கிற வகை. அக்டோபர் நடுவில், குன்றுகளில் மூடுபனி இறங்கிய பிறகு பறிப்பது பழைய வழக்கம். இப்போது வெப்பம் கூடிவிட்டதால் செப்டம்பர் கடைசியிலேயே கத்தரிக்கோலோடு இறங்கிவிடுகிறார்கள். இவ்வளவு நீண்ட பருவத்தில் நடுவே எதுவும் நடக்கலாம். ஏப்ரலில் உறைபனி துளிரைக் கருக்கும், கோடையில் ஆலங்கட்டி மழை குலையைக் கிழிக்கும், செப்டம்பர் மழை அழுகலைக் கொண்டுவரும். ஆண்டுக்கு ஆண்டு ஒயின் இப்படி மாறுவதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்த காரணம் துவர்ப்பு. நெபியோலோவில் துவர்ப்பைத் தரும் டானின் நிறைய, அமிலமும் நிறைய, நிறமி மட்டும் குறைவு. கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்துப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரியும், அவ்வளவு மெல்லிய சிவப்பு. பார்த்தால் சாது. வாய்க்குள் போனதும் பச்சைப் பாக்கை மென்றதுபோல ஈறு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுகள் போகப் போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பிணைந்து பெரிதாகின்றன. கரைந்திருக்க முடியாதவை பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிகின்றன, துவர்ப்பு தணிகிறது. கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறமும் ஆரஞ்சும் தலைகாட்டும். புதுப்பழ வாசம் விலகி, காய்ந்த ரோஜா, தார், புகையிலை, மழைக்குப் பிறகான காட்டுத்தரை என்று வேறொரு உலகம் திறக்கும். பாரோலோவுக்கு ஆள் இவ்வளவு விலை கொடுப்பது இதற்காகத்தான்.

சட்டமும் பொறுமையைக் கேட்கிறது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதங்கள் கழித்தே பாரோலோ விற்பனைக்கு வர முடியும்; அதில் குறைந்தது 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். 2021 அறுவடை 2025 ஜனவரியில்தான் கடைக்கு வரலாம். கூடுதல் காலம் முதிரவைத்த ரிசெர்வா என்று போட்டிருந்தால் 62 மாதம். பார்பரெஸ்கோவுக்கு 26, அதன் ரிசெர்வாவுக்கு 50. இதெல்லாம் குறைந்தபட்சக் கணக்கு. நான்கு வயதில் கடைக்கு வரும் பாரோலோ விற்பனைக்குத் தயார், குடிப்பதற்குத் தயாரா என்பது அந்த ஆண்டைப் பொறுத்தது.

நடுவில் ஒரு சிக்கலும் உண்டு. கடைக்கு வந்த புதிதில் ஓரளவு முகம் காட்டும் ஒயின், சில ஆண்டுகளில் கதவைச் சாத்திக்கொள்ளும். வாசம் ஒடுங்கிவிடும், பழம் எங்கோ ஒளிந்துகொள்ளும், துவர்ப்பும் புளிப்பும் மட்டும் மிஞ்சும். ஏழெட்டு வயதில் திறந்து ஏமாந்தவர்கள் அதிகம். ஒயின் கெட்டுவிட்டதாக நினைத்து மீதி பாட்டில்களையும் மலிவாகத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அவற்றைத் தேடி வாங்கி வைக்கிறவர்களும் உண்டு.

வெயில் ஆண்டு, குளிர் ஆண்டு

விளைச்சல் ஆண்டுகளை மதிப்பிடும் விண்டேஜ் அட்டவணைகள் அவற்றை நல்லது, நடுத்தரம், மோசம் என்று பிரிக்கின்றன. எனக்கு அதைவிடப் பயன்படும் பிரிவு சீக்கிரம் வருவது, தாமதமாக வருவது என்பது. 1996ஐயும் 1997ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். 1996 குளிர்ந்த, நீண்ட பருவம். அமிலம் கூர்மை, டானின் கெட்டி. வந்தபோது பலரும் முகம் சுளித்தார்கள். 1997 வெப்பமான ஆண்டு; கனிந்து, மென்மையாக வந்து உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. இன்று 1997களில் பெரும்பாலானவை குடித்து முடித்திருக்க வேண்டியவை. 1996இன் நல்ல பாட்டில்கள் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. இதைப் பார்த்து 1997 மோசம் என்று முடிவுகட்டக் கூடாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் அதைக் குடித்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இந்த நூற்றாண்டிலும் அதே கதை. 2006, 2010, 2013, 2016, 2019, 2021 ஆகியவை எலும்பு உறுதியானவை. நல்ல தயாரிப்பாளரிடமிருந்து வாங்கினால் பன்னிரண்டு, பதினைந்து வயது வரை தொடாமல் இருப்பது நல்லது. முப்பது வயதையும் நிம்மதியாகத் தாண்டும். இவற்றுக்குள்ளும் சாயல் வேறு. 2006 கண்டிப்பான வாத்தியார். 2010 நீண்டு குளிர்ந்த பருவத்தில் எல்லாமே கூடிவந்த ஆண்டு, விலையும் அதற்கேற்றபடி. 2013 தாமதமாக அறுத்த, சற்று மெலிந்த, வாசம் மிகுந்த ஒயின். இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதால் விலை கொஞ்சம் அடங்கியே இருக்கிறது. என்னைக் கேட்டால், வைப்பதற்கென்று வாங்குபவர் முதலில் தேட வேண்டியது அதைத்தான். 2016இல் எதையும் குறை சொல்ல முடியாது, குறைசொல்ல முடியாத எதற்கும் உள்ள விலை அதற்கும் உண்டு.

மறுபக்கம் 2011, 2015, 2017, 2018, 2020. காரணங்கள் வேறுவேறு. 2017 வெயிலும் வறட்சியும். அந்த வசந்தத்தில் உறைபனி வேறு அடித்தது. 2018 மழை நிறைந்து மெலிந்த ஒயின் தந்தது. 2015 வெப்பமாக இருந்தாலும் சமநிலை குலையவில்லை. பொதுவாக இவை எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் நல்ல முகம் காட்டும். 2003ஐ மட்டும் தனியாக வைக்க வேண்டும். அந்தக் கோடையின் வெப்ப அலை ஐரோப்பா முழுவதையும் வாட்டியது. தாகத்தில் கொடிகள் வேலையை நிறுத்திக்கொண்டன. சர்க்கரை ஏறிய அளவுக்கு டானின் பழுக்கவில்லை. ஒயினில் வேகவைத்த பழமும் பச்சைத் துவர்ப்பும் ஒன்றாக இருக்கும். மலிவாகக் கிடைத்தாலும் யோசித்து வாங்குங்கள்.

பெயர் கெட்ட இரண்டு ஆண்டுகள்

மோசமான ஆண்டு என்று ஒதுக்கப்படுபவற்றில்தான் சுவாரசியமான கதைகள் கிடைக்கின்றன.

2002 முழுக்க மழை. போதாததற்கு, செப்டம்பர் தொடக்கத்தில் பாரோலோ பக்கம் ஆலங்கட்டி மழை கொட்டித் தோட்டங்களை அடித்துப் போட்டது. பலர் அந்த ஆண்டு தங்கள் சிறந்த ஒயினைப் பாட்டிலில் அடைக்கவே இல்லை. இருந்ததை விலை குறைந்த ஒயினோடு கலந்துவிட்டார்கள். ஆனால் ஜாக்கோமோ கொந்தெர்னோ பண்ணைக்குச் செரலுங்கா ஊரில் உள்ள தோட்டம், 1974இல் அந்தக் குடும்பம் வாங்கிய கஷீனா ஃப்ராஞ்சா, ஆலங்கட்டிக்குத் தப்பியது. காத்திருந்து பறித்தார்கள். அவர்களுடைய உச்சமான மோன்ஃபொர்தினோவை அந்த ஆண்டும் செய்தார்கள். பலர் அதைத் திமிர் என்றே நினைத்தார்கள். நீண்ட பீப்பாய்க் காலம் முடிந்து ஒயின் வெளிவந்தபோது பேச்சு அடங்கிப்போனது. ‘2002 மோசம்’ என்ற அட்டவணை வரி பியெமோந்தே முழுவதற்கும் போட்ட சராசரி. ஆலங்கட்டி சராசரி பார்த்து விழுவதில்லை. ஒரு குன்றை அடித்து நொறுக்கி, அடுத்த குன்றைத் தொடாமல் போகும்.

2014ஐப் பற்றி இன்னும் பயனுள்ள செய்தி இருக்கிறது, ஏனென்றால் அது இன்னும் சந்தையில் கிடைக்கிறது. அந்தக் கோடையில் பாரோலோவில் விடாமழை, அங்கங்கே ஆலங்கட்டி. பார்பரெஸ்கோ பக்கம் மழை கணிசமாகக் குறைவு. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் காரில் அரைமணிநேரத் தூரம்தான். ஆனாலும் ‘பியெமோந்தே 2014’ என்ற ஒரே முத்திரை இரண்டுக்கும் குத்தப்பட்டது. 1958இல் ஊர்ப் பாதிரியார் முன்னின்று தொடங்கிய ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ என்ற விவசாயிகள் கூட்டுறவு, அந்த ஆண்டும் அசீலி, ரபாயா, மொந்தெஸ்தேஃபனோ முதலிய தனித்தோட்ட ரிசெர்வாக்களைப் பாட்டிலில் அடைத்தது. விலைக்கும் தரத்துக்கும் இப்படிப் பொருத்தம் இத்தாலியில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இதே கூட்டுறவில் நினைவில் வைக்க இன்னொன்றும் உண்டு: தனித்தோட்ட ஒயின்களை வேண்டாமென்று விடும் ஆண்டுகளில், அந்தப் பழமெல்லாம் சாதாரண பார்பரெஸ்கோவுக்குள்தான் போகிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் சாதாரண லேபிளை வாங்குவது புத்திசாலித்தனம்.

நேர்மாறான கதையும் உண்டு. பழைய வழியின் பெருந்தலைகளில் ஒருவரான புரூனோ ஜாக்கோசா, எல்லோரும் புகழ்ந்த 2006இல் தன் பாரோலோ, பார்பரெஸ்கோ எதையும் பாட்டிலில் அடைக்க மறுத்துவிட்டார். தன் பெயரைப் போடும் அளவுக்கு அது திருப்தியாக இல்லை என்றார். ஊரே பாராட்டிய ஆண்டை ஒருவர் கைவிடுகிறார், ஊரே கைவிட்ட ஆண்டில் இன்னொருவர் தன் உச்சத்தைச் செய்கிறார். ஆகவே லேபிளில் முதலில் படிக்க வேண்டியது பெயர், பிறகு ஊர், அதற்குப் பிறகுதான் ஆண்டு.

யார் செய்தது, எந்த மண்

பெயர் ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. பழைய வழியில் சாற்றைத் தோலோடு ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம்கூட ஊறவிட்டு, ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பெரிய ஸ்லவோனிய ஓக் பீப்பாய்களில் வைப்பார்கள். 1980களில் ஓர் இளைஞர் கூட்டம் இதற்கு எதிராகக் கிளம்பியது. எலியோ அல்தாரே பிரான்சின் பர்கண்டிக்குப் போய்வந்துவிட்டு, 1983இல் தன் அப்பாவின் பழைய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்தே போட்டார். அப்பா அவரைச் சொத்திலிருந்து நீக்கினார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊறும் காலத்தைச் சில நாட்களுக்குக் குறைத்து, பாரிக் எனும் 225 லிட்டர் புது பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் அடைத்தார்கள். ஒயின் இளமையிலேயே குடிக்கத் தகுந்ததாக வந்தது, அமெரிக்கா கொண்டாடியது. பர்தோலோ மஸ்கரெல்லோ போன்ற பெரியவர்கள் அசையவில்லை. ‘பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்’ என்று பீப்பாயையும் இத்தாலிய அரசியல் தலைவரையும் ஒன்றாகச் சேர்த்துத் தன் கையாலேயே லேபிள் எழுதி ஒட்டினார் மஸ்கரெல்லோ.

இன்று இந்தச் சண்டை அடங்கிவிட்டது. பெரும்பாலோர் நடுவழிக்கு வந்து, பெரிய பீப்பாய்க்கே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். நிலவறைக்காரருக்கு மட்டும் இது இன்னும் பழங்கதை ஆகவில்லை. 1990களின் பாட்டிலை ஏலத்தில் பார்க்கும்போது அது எந்தப் பக்கத்து ஒயின் என்று தெரிந்திருக்க வேண்டும். புது ஓக்கில் ஊறியவற்றில் சில அழகாக முதிர்ந்தன. பலவற்றில் பழம் போய்விட்டது, வனிலாவும் மரமும் போகவில்லை.

மண்ணைச் சுருக்கமாகச் சொல்லலாம். மேற்குப் பக்கத்து லா மொர்ரா, பாரோலோ ஊர்களின் மண் நீலச் சாயல் கொண்ட சுண்ணாம்புக் களிமண். ஒயின் மென்மையாக, வாசமாக, சற்று முன்னதாக வரும். கிழக்கில் செரலுங்கா, மொன்ஃபொர்தே பக்கம் மணற்கல் கலந்த பழைய மண். ஒயின் இறுக்கமாக, நீண்ட ஆயுளோடு வரும். கடினமான ஆண்டின் செரலுங்காவை உங்கள் பிள்ளைக்காக வாங்கலாம். வெயில் ஆண்டின் லா மொர்ராவை அடுத்த சில ஆண்டுகளுக்காக. 2010இலிருந்து தோட்டப் பெயர்களும் அதிகாரபூர்வமாக எல்லை வகுக்கப்பட்டு லேபிளில் வருகின்றன. 181 பெயர்கள், மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

தெற்கே டஸ்கனிக்குப் போனால் புருனெல்லோ தி மொந்தால்சீனோ. திராட்சை சாஞ்ஜொவேசே. அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டின் ஜனவரியில் வெளிவரும். 2010, 2016, 2019 வைப்பதற்கு. 2015 சீக்கிரம் கனிவது. 2002, 2014 இரண்டும் இங்கேயும் தடுமாறியவை. மொந்தால்சீனோ குன்றின் வடபகுதி உயரம், குளிர். தெற்குச் சரிவு வெப்பம். வெயில் ஆண்டில் வடக்கையும் குளிர் ஆண்டில் தெற்கையும் பார்ப்பது ஒரு நல்ல தொடக்கம். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வயதை விட்டுக்கொடுக்காமல் ஊரை மாற்றலாம். வடக்கு பியெமோந்தேயின் கத்தினாரா, லொம்பார்தியின் வல்தெல்லீனா இரண்டிலும் நெபியோலோ உண்டு. நேப்பிள்ஸிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால், தவுராசி என்ற அல்யானிக்கோ ஒயின் இருபது ஆண்டை அலட்சியமாகத் தாண்டும். அதைத் தேடி வாங்குபவர் இன்னும் குறைவு.

பழைய பாட்டிலை வாங்கும்போது

புதிதாக வெளிவருவதை வாங்குவது எளிது. ஒரு பாட்டில் வாங்காதீர்கள். முடிந்தால் ஆறு, குறைந்தது மூன்று. முதல் பாட்டிலை எட்டாவது ஆண்டில் திறந்து பார்க்கலாம். கதவு சாத்தியிருந்தால் மீதியை நாலைந்து ஆண்டு மறந்துவிடுங்கள். எந்த அட்டவணையும் தராத தகவலை அந்த முதல் பாட்டில் தரும். கார்க் நாற்றம் பிடித்த பாட்டில் ஒன்று வந்து சேர்வதற்கும் இந்தக் கணக்கில் இடம் இருக்கிறது.

ஏற்கெனவே முதிர்ந்த பாட்டிலை வாங்கும்போது விதி மாறுகிறது. இருபது வயதுக்கு மேல், எந்த ஆண்டு என்பதைவிட எங்கே இருந்தது என்பதே பெரிது. குளிர்ந்த நிலவறையில் கிடந்த சுமாரான 1998, கடை ஜன்னலோரம் வெயில் காய்ந்த 1996ஐ எந்த நாளும் தோற்கடிக்கும். தயாரிப்பாளரின் சொந்த நிலவறையிலிருந்து நேராக வந்ததென்றால் கூடுதல் விலை நியாயம். லண்டனில் சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்குகளில் வைத்து விற்கப்படும் ஒயினுக்கும் மதிப்பு அதனால்தான்: கிடங்கை விட்டு வெளியே எடுக்கும்வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பது ஒரு பக்கம், பல ஆண்டுகள் ஒரே இடத்தில் அசையாமல் இருந்ததற்குப் பதிவேடு இருக்கிறது என்பது மறுபக்கம்.

படம் கேட்டு வாங்குங்கள். பாரோலோ பலவும் 1973இலிருந்து ஆல்பெய்சா எனும் சரிந்த தோள் பாட்டிலில் வருகின்றன. பிரான்சின் போர்தோ ஒயின் பாட்டிலைப்போல நிமிர்ந்த தோள் இல்லாததால், ஒயின் மட்டத்தைக் கார்க்கின் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்க வேண்டும். முப்பது வயதில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருப்பது சாதாரணம். பத்து வயதிலேயே அவ்வளவு குறைந்திருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தால், மூடியுறையின் கீழ் ஒயின் கசிந்து காய்ந்த தடம் இருந்தால், அந்தப் பாட்டில் ஒருமுறையாவது சூடுபட்டிருக்கிறது. விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் நிறமும் தெரியும். நெபியோலோ வெளிறியிருப்பது இயல்பு, தேநீர் போலக் கலங்கிப் பழுப்பாக இருப்பது இயல்பில்லை. கிழிந்த, ஈரத்தில் ஊறிய லேபிளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் ஈரப்பதமுள்ள நல்ல நிலவறையின் அடையாளம்.

போலியும் உண்டு. 2020இல் இத்தாலிய நிதிக்காவல் படை, டஸ்கனியின் விலையுயர்ந்த சஸ்ஸிக்காயா ஒயினைப் போலியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு கும்பலைப் பிடித்தது. உள்ளே இருந்தது சிசிலியிலிருந்து வந்த மலிவு ஒயின். பழைய அரிய ஆண்டுகள் கிடக்கட்டும் என்று, சமீபத்திய ஆண்டுகளைத்தான் போலி செய்தார்கள். கழுத்தில் ஒட்டியிருக்கும் எண்ணிட்ட அரசு முத்திரைத்தாள் உதவும், போதாது. சந்தை விலையில் பாதிக்கு யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

வைப்பது

12 முதல் 14 டிகிரி செல்சியஸ், 60 முதல் 75 சதவீதம் ஈரப்பதம், இருட்டு, அசைவின்மை, பாட்டில் படுக்கைவாக்கில். பாடம் அவ்வளவுதான். இவற்றில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதில்தான் அனுபவம் தேவை. நிலையாக 17 டிகிரி இருக்கும் இடம், குளிர்காலத்தில் 8க்கும் கோடையில் 24க்கும் அலையும் இடத்தைவிட மேல். வெப்பம் ஏறினால் ஒயின் விரிந்து கார்க்கை நெருக்கும்; இறங்கினால் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் கார்க் தளர்ந்துவிடும். ஈரப்பதம் மிகக் குறைந்தால் கார்க் வெளிப்பக்கத்திலிருந்து காயும், ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் வெப்பம்தான் முதல் எதிரி.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பகலில் மட்டும் ஏசி ஓடும் அறை, மூடிய அலமாரி, கட்டிலுக்கு அடி, எதுவும் உதவாது. ஒரே ஒரு கோடை போதும், பாரோலோவை ஜாம் ஆக்கிவிடும். ஒயினுக்கென்றே வரும் குளிர்பெட்டி வேண்டும், அதற்கு மின்வெட்டில் தாங்கும் ஏற்பாடும் வேண்டும். சமையலறை ஃபிரிட்ஜ் நாலைந்து மாதத்துக்குப் பரவாயில்லை. குளிர் அதிகம், காற்று வறட்சி, மோட்டார் அதிர்வு வேறு. நீண்ட காலத்துக்கு வைக்க வேண்டிய பாட்டிலானால், குளிர்நாட்டில் வாடகைக் கிடங்கில் விட்டுவைத்து, குடிக்கும் ஆண்டில் வரவழைப்பது மலிவு. அனுப்புவதும் மழைக்காலமாகவோ குளிர்காலமாகவோ இருக்கட்டும். இருபது ஆண்டு பத்திரமாக இருந்தது, மே மாதத்து லாரியில் இரண்டு நாளில் வீணாகப் போகும்.

வாங்கியதை எழுதி வையுங்கள், எங்கே என்ன விலைக்கு என்பதோடு எந்த ஆண்டில் திறப்பது என்றும். இல்லையென்றால் 2017ஐப் பொக்கிஷமாகக் காத்துவைத்துவிட்டு 2016ஐ முதலில் குடித்துத் தீர்ப்பீர்கள்.

திறக்கும் நாள்

பழைய பாட்டிலை ஓரிரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிட்டால் வண்டல் அடியில் இறங்கிவிடும். முப்பது வயதான கார்க் சாதாரணத் திருகியில் உடையும். இருபக்கமும் நுழையும் தட்டை இடுக்கி இருந்தால் நல்லது. மிக முதிர்ந்த பாரோலோவை அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஆற்றினால் வாசம் போய்விடும் அபாயம் உண்டு. காலையிலேயே கார்க்கை எடுத்து, ஒரு வாய் ஊற்றிப் பார்த்துவிட்டு, பாட்டிலை அப்படியே குளிர்ந்த இடத்தில் மாலைவரை விட்டுவிடுவது பியெமோந்தேக்காரர்கள் பலரும் செய்வது. இளசுக்கு வேறு மருந்து: தைரியமாகக் குடுவையில் ஊற்றி இரண்டு மூன்று மணிநேரம் விடலாம். தட்டில் கொழுப்பும் புரதமும் இருக்க வேண்டும். ஒயினிலேயே மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சியோ, வெண்ணெயில் புரட்டிய தஜரின் நூடுல்ஸோ, முதிர்ந்த பாலாடைக்கட்டியோ. டானின் புரதத்தோடு பிணைந்துகொள்ளும், ஈறு தப்பிக்கும்.

அப்படியும் பத்து வயதுப் பாட்டில் வாயைத் திறக்க மாட்டேன் என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். பாதியோடு நிறுத்தி, கார்க்கால் மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் மாலை ஒரு மணிநேரம் முன்னதாக வெளியே எடுங்கள். நெபியோலோவுக்கு இரண்டாம் நாள் பெரும்பாலும் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். மூன்றாம் நாளும் இறங்கவில்லை என்றால் அந்த வகையில் மீதியுள்ள பாட்டில்களுக்கு எதிரே இன்னும் ஐந்து ஆண்டு என்று குறித்துக்கொள்ளலாம்.